ஏறும்போது ஊசி, இறங்கும்போது தாடை: கலப்பு வகை ஸ்கி பைண்டிங்கைப் பொருத்தி, பராமரித்து, பழுது பார்ப்பது எப்படி?

லிஃப்ட் முடிகிற இடத்தோடு நின்றுவிடாமல், ஸ்கியின் அடியில் ஸ்கின் (பின்னால் வழுக்காமல் பிடிக்கும் பட்டை) ஒட்டிக்கொண்டு மேலும் ஓரிரு மணி நேரம் ஏறி, தடம் விழாத சரிவில் இறங்க விரும்புகிறவர்களுக்காக உருவானவை கலப்பு வகை பைண்டிங்குகள். பைண்டிங் என்பது பூட்ஸை ஸ்கியோடு பிணைக்கும் கருவி. ஏறும்போது பூட்ஸின் முனையை இரண்டு எஃகு ஊசிகள் பிடித்துக்கொள்ளும், குதிகால் தாராளமாக எழும்பும். இறங்கும்போது ஊசிகள் ஒதுங்க, சாதாரண ஆல்பைன் பைண்டிங்கைப் போல முன்னும் பின்னும் தாடைகள் பூட்ஸைக் கவ்வும். எடையிலும் நடுவில்தான் நிற்கிறது. முழு ஊசி பைண்டிங் பெரும்பாலும் 300 முதல் 600 கிராம் வரை, நல்ல ஆல்பைன் பைண்டிங் ஒரு கிலோவுக்கு மேல், கலப்பு வகை பிரேக்கோடு சேர்த்து 900 கிராம் அளவில்.

சுவிட்சர்லாந்து, நார்வே, கனடாவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு ஸ்கி பள்ளிக்கூடத்திலேயே பழகிவிடுகிறது. பழைய ஸ்கி ஒன்றை வாங்கி மலையேறத் தொடங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது சாலமன் ஷிஃப்ட். 2018-19 பருவத்தில் சந்தைக்கு வந்து, அட்டாமிக், ஆர்மாடா பெயர்களிலும் விற்ற அந்த முதல் பதிப்பை வைத்துத்தான் இங்கே விவரம் சொல்கிறோம். மார்க்கர் டியூக் பி.டி., ஃப்ரிட்ஷி டெக்டான் இரண்டுக்கும் எங்கே வழி பிரிகிறது என்பதையும் கடைசியில் பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "இந்த பைண்டிங் சரியில்லை, காரணமே இல்லாமல் கழல்கிறது" என்று வருகிற புகார்களைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் மூன்று அமைப்புகளில் ஒன்று தவறியிருக்கும், அல்லது எங்கோ ஒரு இடுக்கில் பனி உறைந்திருக்கும். அசையும் பாகங்கள் அதிகம் உள்ள கருவி இது. அளவு பார்க்காமல் விட்டால் மன்னிக்காது.

உங்கள் பூட்ஸ் இதற்கு ஒத்துவருமா?

ஷிஃப்ட்டுக்கு பூட்ஸில் இரண்டு தேவை. முனையில் ஊசி நுழைய எஃகுக் குழிகள் இருக்க வேண்டும். அதோடு தாடை கவ்வுவதற்கு முன்னாலும் பின்னாலும் முழு விளிம்பு இருக்க வேண்டும். ஆல்பைன் சோல் (ஐ.எஸ்.ஓ. 5355), டூரிங் சோல் (ஐ.எஸ்.ஓ. 9523), கிரிப்வாக் மூன்றையும் அது ஏற்கும். ஆனால் எடை குறைக்க முன்விளிம்பையே வெட்டிவிட்ட பூட்ஸ்கள் உண்டு. டைனாஃபிட்டின் ஸ்பீட் நோஸ் வகை அப்படிப்பட்டது. ஊசியில் அழகாக உட்காரும், நடக்கலாம், ஆனால் இறங்கும்போது தாடைக்குப் பிடி கிடைக்காது. கடையில் ஊசியில் மாட்டிப் பார்த்துவிட்டு "பொருந்துகிறது" என்று வாங்கிவந்து மாட்டிக்கொள்வது இங்கேதான். இறங்கு நிலையிலும் மாட்டிப் பாருங்கள்.

பழைய பூட்ஸ் என்றால் எஃகுக் குழியை விரல் நுனியால் தடவுங்கள். வட்டமாக இருக்க வேண்டியது தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் நடக்கும்போது ஆடும், ஊசியிலிருந்து நழுவும். அதற்கு பைண்டிங்கில் வைத்தியம் கிடையாது.

பிரேக்கின் அகலம் ஸ்கியின் இடுப்பகலத்துக்கு (நடுப்பகுதியின் அகலத்துக்கு) சமமாகவோ, 15 மி.மீ. வரை கூடுதலாகவோ இருக்கட்டும். அதைவிட அகலமானால் ஏறும்போது மற்ற ஸ்கியில் இடிக்கும், திருப்பத்தில் பனியைக் கிளறும்.

துளை போடுவது

துணிந்தவர்கள் வீட்டிலேயே செய்கிறார்கள். ஆனால் அந்த பைண்டிங்குக்கான ஜிக் (துளை விழ வேண்டிய இடத்தைக் காட்டும் சட்டம்) இல்லாமல், காகித அச்சை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது என்பது எங்கள் கருத்து. டோ பீஸும் (பைண்டிங்கின் முன்பாகம்) ஹீல் பீஸும் (பின்பாகம்) ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால், அரை மில்லிமீட்டர் கோணலே ஊசியில் நடக்கும்போது ஹீல் ஒரு பக்கமாக இறங்குவதில் தெரியும்.

மரம் அல்லது ஃபோம் உள்ளீடு கொண்ட ஸ்கிக்கு 3.6 மி.மீ. துளைமுனை. மேற்பரப்புக்குக் கீழே டைட்டனால் (அலுமினியக் கலவை) தகடு உள்ள ஸ்கிக்கு 4.1 மி.மீ. முனை, பிறகு மரைவெட்டியால் (டேப்) மரை வெட்ட வேண்டும். ஆழம் இரண்டிலும் 9 மி.மீ. எந்த முனை என்பது பெரும்பாலும் ஸ்கியின் மேலேயே அச்சிட்டிருக்கும். முனையில் நிறுத்துவளையம் இல்லாமல் துளைக்கவே வேண்டாம், அடிப்பக்கம் வரை ஓட்டை விழுந்துவிடும். ஏற்கெனவே துளை உள்ள ஸ்கியானால், பழைய துளைக்கும் புதியதற்கும் மையத்துக்கு மையம் குறைந்தது 10 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

துளையில் தண்ணீர் புகாத மரப்பசை ஒரு சொட்டு. மரத்தை நனையவிடாமல் காக்கவும், மரையைப் பிடித்து வைக்கவும் அது தேவை. திருகாணிகளை மூன்றாம் எண் போசிடிரைவ் முனையால் இறுக்குங்கள். பார்ப்பதற்கு பிலிப்ஸ் போலவே இருக்கும். பிலிப்ஸ் முனையைப் போட்டுத் திருகினால் தலை சிதையும், பிறகு பருவம் முழுக்க அதோடு போராட வேண்டும். கடைசிச் சுற்றுகளைக் கையால்தான் திருக வேண்டும், டிரில்லால் கூடாது. 4 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும்.

மூன்று அமைப்புகள், இந்த வரிசையில்

முன்னழுத்தம், முன்பாதத் தட்டின் உயரம், கழலும் எண் ஆகியவையே அந்த மூன்று. வரிசை முக்கியம், ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் அடுத்தது மாறும். இடது பூட்ஸ், வலது பூட்ஸ் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். தேய்மானம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது.

1. முதலில் டோ பீஸுக்குப் பின்னால், பூட்ஸின் முன்பாதம் அமர்கிற தட்டை முழுவதும் கீழே இறக்குங்கள். இதை ஏ.எஃப்.டி. தட்டு என்பார்கள். விழும்போது பூட்ஸ் பக்கவாட்டில் வழுக்கி வெளியேற உதவும் தட்டு இது. உயர்ந்தே இருந்தால் பூட்ஸ் தாடைக்குள் சரியாக நுழையாது, அடுத்த அளவும் பொய்யாகும்.

2. டோ பீஸை இறங்கு நிலையில் வைத்து, பூட்ஸின் முனையை நுழைத்து, ஹீலை அழுத்தி மாட்டுங்கள். இனி முன்னழுத்தம், அதாவது ஹீல் பீஸ் பூட்ஸை முன்னோக்கித் தள்ளும் விசை. ஹீல் பீஸ் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். ஷிஃப்ட்டில் மொத்தம் 30 மி.மீ. வரை நகர்த்தலாம். பின்பக்கத் திருகாணியைத் திருப்பி, அங்குள்ள காட்டி நாக்கு ஹீல் பீஸின் உடலோடு சமமட்டமாக நிற்கும்படி வையுங்கள். நாக்கு துருத்தினாலோ உள்ளே போனாலோ தவறு. பூட்ஸைக் கழற்றி மறுபடி மாட்டி இன்னொரு முறை பாருங்கள். முதல் முறை சரியாக உட்காராமல் ஏமாற்றும்.

3. பூட்ஸ் மாட்டியபடியே ஏ.எஃப்.டி. தட்டை மெல்ல உயர்த்துங்கள். தட்டுக்கும் சோலுக்கும் நடுவே 0.5 மி.மீ. இடைவெளி வேண்டும். மோட்டார் சைக்கிள் மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் இருந்தால் அதன் 0.5 தகடு போதும். லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். கேஜ் இல்லையென்றால் ஒரு குறிப்பு: ஏ.டி.எம். அட்டையின் பருமன் 0.76 மி.மீ. அது தாராளமாக நுழைந்தால் இடைவெளி அதிகம். சாதாரணத் தாள்கூட இழுபடாவிட்டால் மிகக் குறைவு.

4. தட்டை உயர்த்தியபின் முன்னழுத்தத்தை மீண்டும் பாருங்கள்.

5. கடைசியாகத்தான் கழலும் எண். டின் எண் என்று எல்லோரும் சொல்வது. எடை, உயரம், வயது, பூட்ஸின் சோல் நீளம், ஓட்டும் பாணி ஐந்தும் சேர்ந்து ஐ.எஸ்.ஓ. 11088 அட்டவணையில் அது கிடைக்கும். 50 வயதைத் தொட்டவர்களுக்கு அட்டவணை ஒரு வரிசை குறைத்தே எடுக்கச் சொல்கிறது. ஷிஃப்ட் 13இன் அளவு 6 முதல் 13 வரை, ஷிஃப்ட் 10 என்றால் 4 முதல் 10. உங்கள் எண் அளவுகோலின் நடுப்பகுதியில் விழுகிற மாடலை வாங்குங்கள். எண் 5 வருகிறவர் ஷிஃப்ட் 13 வாங்கினால், அதை எவ்வளவு தளர்த்தினாலும் அவருக்கு இறுக்கம்தான்.

இவ்வளவும் வீட்டில் செய்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை கடையில் முறுக்குவிசைக் கருவியில் வைத்துச் சோதியுங்கள். பைண்டிங்கின் சிறு ஜன்னலில் தெரியும் எண்ணும் உண்மையில் கழலும் விசையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கண்ணால் சொல்ல முடியாது. கழலாமல் போனால் விலை முழங்காலின் தசைநார்.

அரை மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு கவனம்?

ஷிஃப்ட் டோ பீஸ் பக்கவாட்டில் 47 மி.மீ. வரை நெகிழ்ந்துவிட்டு மீண்டும் நடுவுக்கு வரும்படி வடிவமைக்கப்பட்டது. ஹீலில் அந்த நெகிழ்வு 9 மி.மீ. சிறு அடிகளை விழுங்கிவிட்டு, உண்மையான விழுகையில் மட்டும் விடுவிப்பது இந்த நெகிழ்வின் வேலை. ஏ.எஃப்.டி. தட்டு சோலை அழுத்திக்கொண்டிருந்தால் சுருள்வில்லின் விசையோடு உராய்வும் சேர்கிறது. எண் 7 என்று காட்டும், ஆனால் கழல அதைவிட அதிக விசை கேட்கும். நகர்ந்த பூட்ஸும் நடுவுக்குத் திரும்பாமல் பாதியில் நிற்கும்.

இடைவெளி கூடினால் இதற்கு நேர்மாறு. கடினப் பனியில் விளிம்பைப் பதிக்கும்போது பூட்ஸ் தாடைக்குள் உருளுகிறது. தாடை தன் நெகிழ்வைத் தேவையில்லாத இடத்தில் செலவழித்துவிடுகிறது. அடுத்த சிறு அதிர்வில் கழன்றுவிடும். அப்போது பலரும் செய்வது டின் எண்ணைக் கூட்டுவது. அதைச் செய்யாதீர்கள். ஓட்டையைச் சரிசெய்யாமல் பூட்டைப் பெரிதாக்குவது போன்றது அது. பூட்ஸின் ஆட்டம் குறையாது, விழும்போது கழலுவது மட்டும் குறையும்.

முதல் பதிப்பில் பலரும் கண்ட ஒரு குணம், இந்தத் தட்டு நாள்பட நாள்படத் தானாகவே தாழ்வது. நடக்கும் அதிர்விலும் ஆட்டத்திலும் உயரத் திருகாணி மெல்லத் திரும்பிவிடுகிறது. சரிசெய்த அன்றே திருகாணித் தலைக்கும் பக்கத்து உடலுக்கும் குறுக்காக பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நாலைந்து நாள் ஓட்டியபின் கோடு விலகியிருக்கிறதா என்று ஒரு பார்வை போதும். விலகினால் மறுபடி கேஜ். திருகாணியில் மரைப்பசை போடுகிறவர்கள் உண்டு. அதில் எச்சரிக்கை வேண்டும்: காற்றில்லாமல் இறுகும் சாதாரண மரைப்பசைகள் சிலவகை பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு உண்டாக்கும். பிளாஸ்டிக்குக்கு ஆகும் என்று புட்டியில் எழுதியிருப்பதை மட்டும், அதுவும் ஊசிமுனையளவு.

ஏறும்போது பிரேக் கீழே விழுகிறது

நடை நிலையில் ஹீல் பீஸின் நெம்புகோல் பிரேக்கை மேலே பூட்டி வைக்கும். அடிக்கு அடி குதிகால் இறங்கி அங்கேயே இடிக்கிறது. அந்தப் பூட்டு முழுதாக விழாமலிருந்தால் நாலு அடியில் பிரேக் விடுபட்டு பனியைக் கீறத் தொடங்கும்.

முதலில் பிரேக் மிதியின் அடியில் பனிக்கட்டி இருக்கிறதா பாருங்கள். சுத்தம் செய்து, நெம்புகோலை மாற்றி, மிதியைக் கையால் முழுக்க அழுத்தி, பூட்டு விழுவதைக் காதால் கேளுங்கள். காலால் மிதித்துப் பூட்டுகிறவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். பிறகு முன்னழுத்தம். ஹீல் பீஸ் தவறான இடத்தில் நின்றால் பூட்ஸின் குதிகால் இறங்கும் இடமும் மாறி, பூட்டைத் தட்டிவிடும். பிரேக் கை வளைந்து ஸ்கியின் ஓரத்தில் உரசினாலும் இதே கதைதான்.

பாதி மலையில் நின்றுகொண்டு இதையெல்லாம் ஆராய முடியாது. ரப்பர் ஸ்கி பட்டை ஒன்றால் பிரேக் கைகளைச் சேர்த்துக் கட்டி ஏறிவிடுங்கள். இறங்கும் முன் அவிழ்க்க மறந்தால், கழன்ற ஸ்கி பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போய்விடும். அதனால் பட்டையின் நிறம் கண்ணில் அடிக்கிற ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ இருக்கட்டும்.

ஊசி பிடிக்க மறுக்கிறது, பிடித்தாலும் நழுவுகிறது

காரணம் அநேகமாகப் பனி, இரண்டு இடத்தில். ஒன்று, பூட்ஸின் எஃகுக் குழிக்குள். ஊசி முழு ஆழத்துக்குப் போகாது. இன்னொன்று, டோ பீஸின் கைகளுக்கு அடியில் அழுந்தி இறுகிய பனி. கைகள் முழுதாக மூட முடியாது. பூட்டிவிட்டதாகத் தோன்றும், உண்மையில் பாதிதான்.

கைத்தடியின் முனையால் குழியையும், டோ பீஸின் அடியையும் சுரண்டுங்கள். மாட்டியபின் பூட்டுவதற்கு முன், குதிகாலைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஊசி சுழன்று மீதிப் பனியை அரைத்துத் தள்ளும். அதன்பிறகு நெம்புகோலை இழுத்துப் பூட்டுங்கள். வழக்கத்தைவிட இலகுவாக வந்தாலோ, வழக்கமான உயரத்தில் நிற்காவிட்டாலோ இன்னும் அடியில் பனி இருக்கிறது.

நடை நிலையில் பூட்டிய ஊசி விழும்போது கழலும் என்று நம்ப முடியாது. பனிச்சரிவு இழுத்தாலும் ஸ்கி காலோடுதான் இருக்கும், உங்களை நங்கூரம்போல உள்ளே இழுக்கும். அபாயமான சரிவின் கீழே கடக்கும்போது பூட்டுவதா, விடுவதா என்பது குழுவாக முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஒருபோதும் செய்யக்கூடாதது, "கொஞ்ச தூரம்தானே" என்று நடை நிலையிலேயே சறுக்கி இறங்குவது.

உச்சியில் மாற்றும்போது

நிலை மாற்றும் வேலையில்தான் தவறுகள் அதிகம். காற்று, களைப்பு, கையுறை. பிரேக் மேலே பூட்டியிருக்கும் நிலையில் ஸ்கியைக் கழற்றுகிறீர்கள், எனவே அது ஓடிவிடும். கழற்றியவுடன் வாலைப் பனியில் குத்தி நிறுத்துங்கள், பிறகுதான் ஸ்கின்.

டோ பீஸை இறங்கு நிலைக்கு மாற்றும் முன், பூட்ஸைக் கவ்வும் இறக்கைகள் மடங்கி வரும் இடத்தைச் சுரண்டுங்கள். ஒரு பட்டாணி அளவு பனிக்கட்டி போதும் அது முழுதாக மூடாமலிருக்க. மாற்றியபின் இரண்டு இறக்கைகளையும் விரலால் அசைத்து இரு பக்கமும் ஒரே மாதிரி நிற்கின்றனவா பாருங்கள். ஏ.எஃப்.டி. தட்டின் மேலும் பூட்ஸின் சோலிலும் ஒட்டிய பனியைத் துடைக்காமல் மாட்டினால், வீட்டில் கேஜ் வைத்து அளந்த அரை மில்லிமீட்டருக்குப் பொருளே இல்லை. ஹீல் பீஸின் நெம்புகோலை இறங்கு நிலைக்குக் கொண்டுவந்து, பிரேக் துள்ளி விழுவதைப் பார்த்தபின் மாட்டுங்கள்.

ஈரப்பனி ஒட்டும் நாட்களில், புறப்படும் முன் டோ பீஸின் அடிப்பகுதியில் சிலிகான் தெளிப்பது உதவும். ஊசியின் பக்கம் மட்டும் தெளியுங்கள், ஸ்கின் ஒட்டும் அடிப்பக்கத்தில் ஒரு துளியும் படக்கூடாது.

திருகாணி தளர்ந்தால்

பருவத்தில் இரண்டு முறை எல்லாத் திருகாணிகளையும் கையால் சரிபாருங்கள். ஒன்று சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது. மலையில் என்றால் எஃகு நாரைச் சிறிது உருட்டித் துளையில் திணித்து அதன்மேல் திருகி, மெதுவாக வீடு வந்து சேருங்கள். வீட்டில் துளையை உலர்த்தி, எஃகு நாரோடு எபாக்சி நிரப்பி, திருகி, அறையின் வெப்பத்தில் 24 மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த கராஜில் வைத்தால் எபாக்சி இறுகாது. அதுவும் பிடிக்கவில்லையென்றால் ஹெலிகாயில் (துளைக்குள் பதிக்கும் உலோக மரைச்சுருள்) போடும் கடைக்குப் போவதே வழி. பின்னாளில் எபாக்சி போட்ட திருகாணியைக் கழற்ற, சால்டரிங் அயர்னால் தலையை ஓரிரு நிமிடம் சூடாக்கினால் பசை இளகும்.

பையில் நிரந்தரமாக இருக்க வேண்டியவை: மூன்றாம் எண் போசிடிரைவ் முனை, அதற்கான சிறு பிடி, ஸ்கி பட்டை மூன்று, ஒரு முழம் கட்டுக்கம்பி, ஒரு உருண்டை எஃகு நார்.

கழுவுதல்

காரின் கூரையில் கட்டி ஓட்டினால் சாலை உப்பு பைண்டிங்குக்குள் போகும். வந்தவுடன் குளிர்ந்த தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அழுத்த நீர்ப் பீச்சி வேண்டாம், டபிள்யூ.டி. 40 போன்ற கரைப்பான் எண்ணெய்களும் வேண்டாம். உள்ளே இருக்கும் கிரீஸை அவை கழுவிவிடும், அந்த கிரீஸ்தான் கழலும் விசையைச் சீராக வைக்கிறது.

மற்ற இரண்டு

டியூக் பி.டி.யில் ஏறும்போது ஆல்பைன் டோ பீஸையே கழற்றிப் பையில் வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு காலிலும் 300 கிராம் அளவு மிச்சம். அளவுகோல் 12 மாடலில் 4 முதல் 12, 16 மாடலில் 6 முதல் 16. கனமாக ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றது. திருப்பி மாட்டும்போது அடித்தகட்டில் பனி இருந்தால் முழுதாக அமராது. அதற்கென ஒரு பிளாஸ்டிக் சுரண்டி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய டோ பீஸ்களைப் பையின் ஜிப் போட்ட அறையில் வையுங்கள். ஒன்று தொலைந்தால் அந்த ஸ்கியில் இறங்க முடியாது.

டெக்டானில் இறங்கும்போதும் முன்னால் ஊசிதான். பக்கவாட்டில் கழலும் அமைப்பு டோ பீஸிலேயே இருக்கிறது, பின்னால் ஆல்பைன் பாணி ஹீல். அளவுகோல் 5 முதல் 12. ஏ.எஃப்.டி. இடைவெளி என்ற தலைவலியே இல்லை. ஆனால் குழியில் பனி இருந்தால், அதை இறங்கும்போதும் உணர்வீர்கள்.

பழையதாக எந்த ஒன்றை வாங்கினாலும், உங்கள் பூட்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். நடை நிலை, இறங்கு நிலை இரண்டையும் பத்து முறை மாற்றிப் பாருங்கள். பிரேக் பூட்டு பத்திலும் விழ வேண்டும். இறக்கையின் வேர்ப்பகுதியில் வெளுத்த கோடு தெரிந்தால் அது பிளாஸ்டிக்கில் தொடங்கிய வெடிப்பு. விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.